ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனை அடுத்த ஆண்டு இந்த மலையிலுள்ள விடுதிப் பள்ளியில் சேர்க்க நீயும் மாப்பிள்ளையும் எண்ணுவதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு நீ எழுதியிருக்கும் காரணங்களைத்தான் இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். குளிர்ந்த ஊரில் மூளை சுறுசுறுப்பாக இருக்கும் என்கிறாய். அது உண்மையானால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர இருபத்தெட்டு ஆண்டுகள் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி, ஆகவே கற்பித்தல் சிறப்பு என்பது உன் முதல் காரணம். நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் பள்ளியிலிருந்து, ஒன்பதாம் வகுப்பு முடித்த நான்கு பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழோடு எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். ‘பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள், வேறு இடம் பாருங்கள்’ என்று அவர்களுடைய பெற்றோரிடம் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஆண்டு அப்பள்ளியின் பிளக்ஸில் நூறு விழுக்காடு. எங்கள் பள்ளியில் ஏற்கெனவே படித்த இருபத்திரண்டு பேரும் தேறினார்கள். வந்த நால்வரில் மூவர் தேறினார்கள், ஒருவன் கணக்கில் தவறினான். ஆக எங்களுக்கு 96 விழுக்காடு, தலைமையாசிரியரிடம் விளக்கக் கடிதம். இரண்டு பள்ளிகளிலும் பாடம் நடத்தும் முறை இம்மியும் மாறவில்லை. நான்கு பிள்ளைகள் இடம் மாறியதுதான் நடந்தது.

அந்த மூவரும் என்னால்தான் தேறினார்கள் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உன் வாதத்தைப் போன்றதுதான். பழைய பள்ளியிலேயே இருந்திருந்தாலும் அவர்கள் தேறியிருக்கக்கூடும். அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லாதபோது பெருமையை நான் எடுத்துக்கொண்டது முறையல்ல.

வகுப்புக்குப் பதினைந்து பேர்தான் என்பதும் உனக்குப் பெரிதாகப் படுகிறது. அது ஓரளவு நியாயமான காரணமே. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குலுக்கல் முறையில் 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் பிரித்து அமர்த்தினார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் கூடுதலாகக் கற்றார்கள். வசதியுள்ளவர் இங்கே, இல்லாதவர் அங்கே என்று பிரியாததால் அந்த வேறுபாட்டை நம்பலாம். நீ பார்த்திருக்கும் பள்ளியிலோ, கட்டணமும் நுழைவுத் தேர்வும் பிள்ளைகளை முன்பே சலித்துவிடுகின்றன. சலித்த மாவு நயமாக இருப்பதற்குச் சல்லடையைவிட்டு உரலைப் புகழ்கிறோம். மேலும், கலிஃபோர்னியா மாநிலம் 1996இல் வகுப்புகளை அவசரமாகச் சிறிதாக்கியபோது, முழுத் தகுதி பெறாத பலரை ஆசிரியராக அமர்த்த நேர்ந்தது. பதினைந்து பேருக்கும் முன்னால் நிற்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கண்டிப்பு. அங்கே திட்டினால் அடுத்த தேர்விலேயே மதிப்பெண் ஏறுகிறதாமே. நானும் அதை நம்பியவள், அதற்கு நீயே சாட்சி. எட்டாம் வகுப்பில் ஒரு மாதத் தேர்வில் நீ 98 வாங்கினாய், வகுப்பிலேயே பாராட்டினேன். அடுத்த மாதம் 84. பாராட்டு தலைக்கேறிவிட்டது என்று முடிவுகட்டி, அதன்பின் உன்னைப் பாராட்டுவதையே நிறுத்தினேன். உண்மையில் உன் வழக்கமான மதிப்பெண்ணே எண்பத்தைந்துக்கு அருகில்தான். 98 அன்றைய வினாத்தாள் வாய்த்த விதம். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் அடுத்த முறை பெரும்பாலும் தம் இயல்பான இடத்தை நோக்கித் திரும்பும். குறைந்த மதிப்பெண்ணுக்குத் திட்டு வாங்கியவன் அடுத்த தேர்வில் ஏறுவதும் திட்டாமலே நடந்திருக்கக்கூடும். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களில் இதைக் கண்டு பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1886இலேயே எழுதியிருக்கிறார். பாடமாகப் படித்திருந்தும் என் வகுப்பில் அது நடந்தபோது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாராட்டுகளை உனக்குத் தராமல் போனது இன்றும் எனக்கு உறுத்துகிறது, கண்ணு.

சேர்க்கைக்குப் போகும் அன்று அலுவலகத்தில் ஒன்று கேள்: சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், அதற்கு முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு, முன்பணம் கட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா