பூவார் வண்டியைப் பற்றி

தக்கலை
ஞாயிறு காலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. மழையால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், செய்ய வேலை எதுவும் இல்லை. வேலை இல்லாதவனுக்குத்தான் எழுத நேரம் கிடைப்பதில்லை. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பூவாரில் பார்த்த 2018 ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் பெட்ரோல் வண்டியை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கம்பெனியே மூட்டை கட்டிவிட்டது, தொடாதே என்கிறாராம் உன் மைத்துனர். ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது உண்மை. மறைமலை நகர் ஆலையிலிருந்து கடைசி ஈக்கோஸ்போர்ட் 2022-இல் வெளிவந்தது. ஆனால் சர்வீசையும் உதிரிபாகத்தையும் அவர்கள் நிறுத்திவிடவில்லை. நான்கு வருடமாக நானும் ஃபோர்டின் ஃபிகோதான் ஓட்டுகிறேன். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் எதற்கும் அலைந்ததில்லை.

அலைந்தது ஒரே ஒரு முறை. தென்னைமரத்தடியில் வண்டியை நிறுத்தியது என் புத்தி. நெற்று ஒன்று விழுந்து பின்கண்ணாடி நொறுங்கிப் போயிற்று. பதினேழு நாள் பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வந்தேன். கடைசியில் மதுரையில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. ஓட வைக்கும் சாமான் கிடைத்துவிடும். கண்ணாடி, முகப்பு விளக்கு, பம்பர் இவற்றுக்குத்தான் பாடு. அவற்றில் கீறல், விரிசல் இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே.

எஞ்சினில் ஒன்றை மட்டும் அழுத்திக் கேள். அந்த வருடத்துப் பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர். எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது. கம்பெனி சொன்ன ரகத்து ஆயிலை ஊற்றாமல் கையில் கிடைத்ததை ஊற்றினால் பெல்ட் அரித்துத் துகளாக உதிரும். அந்தத் துகள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று சர்வீஸ் பில்லில் பார். பில் இல்லை, தெரிந்த பையன்தான் பார்ப்பான் என்றார்களானால், பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேள்.

எனக்குப் பெரிய பயம் கடற்காற்றின் உப்பு. என் வண்டியை வாங்குமுன் முட்டத்தில் ஒன்றைப் பார்த்தேன். வெளியே பெயிண்ட் கண்ணாடிபோல மின்னியது. ஓட்டுநர் இருக்கையடியில் விரிப்பைத் தூக்கி நகத்தால் சுரண்டினேன்; தகரம் அப்பளம்போல அடுக்கடுக்காக உரிந்து வந்தது. உரிமையாளர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பூவாரும் கடலோரம், நீ கொண்டுபோய் நிறுத்தப்போகும் மணவாளக்குறிச்சியும் கடலோரம். வாட்டர் சர்வீஸில் தூக்கி வைத்து அடிப்பாகத்தைப் பார்க்காமல் பேச்சே வேண்டாம். சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பார். உள்ளே சேற்றுக்கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி.

கேரளப் பதிவு என்பதையும் கணக்கில் வை. நெய்யாற்றின்கரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, நம் பக்கத்து அலுவலகத்தில் மறுபதிவு செய்து, ஆயுள் வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டியதில் மீதிக்காலத்துக்கானதை விற்பவர் திரும்பக் கேட்கலாம். அதை விலை பேசும்போதே சொல்லிவிடு. வங்கிக் கடன் பாக்கி இருக்கிறதா என்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்.

வில்லுக்குறியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இந்த வண்டிகளிலேயே கை பழகியவர். சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ காலை எட்டு மணிக்குத் தக்கலை வந்துவிடு, மூவருமாகப் போவோம். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. வரும்போது நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொண்டு வா; இங்கே சந்தையில் கிடைப்பதில் மணல்தான் அதிகம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்