தேடுபொறியை மாற்றும்போது எதெல்லாம் மாறாமல் நிற்கிறது: கொழும்புக் கணினிக் கூடப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியர்களே,

வணக்கம். "செட்டிங்ஸில் தேடுபொறியை மாற்றியாயிற்று, ஆனாலும் பழையதுதான் வருகிறது." கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை பாடசாலைக் கணினிக் கூடங்களில் அடிக்கடி எழும் முறைப்பாடு இது. கணினியில் வைரஸ் என்று முடிவு கட்டி, விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடும் அளவுக்குச் சிலர் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருப்பதில்லை. உலாவியில் தேடல் நடக்கும் இடங்கள் பல இருக்கின்றன. செட்டிங்ஸில் நாம் மாற்றுவது அவற்றில் ஒன்றையோ இரண்டையோ மட்டும்தான்.

எட்ஜ் உலாவி இதற்கு நல்ல உதாரணம். முகவரிப் பட்டையின் தேடுபொறியை பிங்கிலிருந்து கூகுளுக்கு மாற்றுகிறீர்கள். பிறகு புதிய தாவலைத் திறந்து நடுவிலுள்ள பெட்டியில் தட்டினால் பிங்தான் வரும். அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. செட்டிங்ஸ் பக்கத்தின் தேடல் பெட்டியில் 'அட்ரஸ் பார்' என்று தட்டுங்கள். பட்டியலைத் துழாவ வேண்டியதில்லை. அங்கே புதிய தாவலில் தேடும்போது தேடல் பெட்டியா, முகவரிப் பட்டையா என்று கேட்கும் வரியில் இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள். நீங்கள் வேண்டும் தேடுபொறி பட்டியலிலேயே இல்லையென்றால், அந்தத் தளத்துக்குப் போய் ஒருமுறை எதையாவது தேடிவிட்டு வாருங்கள், பெயர் சேர்ந்திருக்கும். விண்டோஸின் ஸ்டார்ட் பட்டியில் தட்டும் தேடலோ உலாவியில் என்ன மாற்றினாலும் பிங்குக்கே போகும்.

பயர்பொக்ஸில் குழப்பம் வேறு மாதிரி. 2014 டிசம்பரில் 34ஆம் பதிப்பு வரும் வரை, தேடல் பட்டையில் ஒரு பொறியைத் தெரிவு செய்தால் அதுவே நிரந்தரமாக நிற்கும். அதன் பின் கீழே வரும் சின்னங்கள் ஒரு தடவைக்கு மட்டுமே. அவற்றின் தலைப்பும் 'இம்முறை இதில் தேடு' என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவசரத்தில் அதை யாரும் வாசிப்பதில்லை. நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் செட்டிங்ஸில் 'சேர்ச்' பகுதிக்குப் போங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: தேடல் பட்டைக்குள் தட்டச்சுக் குறி நிற்கும்போது கன்ட்ரோல் விசையோடு மேல் அல்லது கீழ் அம்புக்குறியை அழுத்தினால், ஓர் எச்சரிக்கையும் இன்றி இயல்புநிலைப் பொறியே மாறிவிடும். நாற்பது பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் விசைப்பலகையில் இது தற்செயலாக நடப்பதில் வியப்பில்லை.

குரோமில் பட்டியலில் இல்லாத ஒரு பொறியைச் சேர்க்கும்போது தவறு எங்கே வருகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேடல் முடிவுப் பக்கத்தின் முகவரியை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பிறகு எதைத் தேடினாலும் அன்று தேடிய அதே சொல்லுக்கான முடிவே வருகிறது. முகவரியில் தேடுசொல் இருந்த இடத்தை முழுதாக அழித்து, அங்கே விழுக்காட்டுக் குறியும் அதை ஒட்டி ஆங்கிலச் சிற்றெழுத்து எஸ்ஸும் இட வேண்டும். தமிழ்ச் சொல்லால் தேடிப் பார்த்துவிட்டு இதைச் செய்வது கடினம். யுனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். 'கொழும்பு' என்பதில் எட்டுக் குறியீடுகள், ஆகவே 72 எழுத்துகள். அதில் நாலைந்தை விட்டுவிட்டு அழித்தால் ஒவ்வொரு தேடலின் முன்னாலும் குப்பை ஒட்டிக்கொள்ளும். ஏபிசி என்று ஆங்கிலத்தில் தேடிவிட்டு முகவரியைப் பிரதி எடுங்கள். அந்த மூன்று எழுத்தும் பளிச்சென்று தெரியும்.

சேர்க்கும்போது கேட்கும் குறுக்குச்சொல்லிலும் (ஷார்ட்கட்) கவனம் வேண்டும். 'இன்' போன்ற ஒரு சாதாரண ஆங்கிலச் சொல்லைக் குறுக்குச்சொல்லாகக் கொடுத்துவிட்டால், அதைத் தட்டி இடைவெளி விட்டதும் குரோம் அந்தத் தளத்துக்குள் தேடப் போய்விடும். அதே பக்கத்தில் 'ஸ்பேஸ் அல்லது டாப்' என்றிருப்பதை 'டாப்' மட்டும் என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

மாற்றியது மறுநாள் பழையபடி திரும்பிவிட்டதா? நான்கு இடங்களைப் பாருங்கள். டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்ட கணினியில், மறுதொடக்கத்தோடு எல்லா மாற்றமும் அழியும். அதை விடுவித்து, மாற்றி, மறுபடி உறைய வைக்க வேண்டும். தேடுபொறித் தெரிவு உலாவியின் பயனர் கணக்கோடு ஒட்டியது என்பதால், ஆசிரியரின் விண்டோஸ் கணக்கில் மாற்றியது மாணவர் கணக்குக்குப் போகாது. பொதுக் கணக்கில் ஒரு மாணவர் தம் கூகுள் கணக்கால் குரோமுக்குள் நுழைந்து ஒத்திசைவையும் இயக்கிவிட்டால், அவர் வீட்டுக் கணினியின் தெரிவு கூடக் கணினிக்கு வந்துவிடும். நான்காவது, உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்). பம்பலப்பிட்டியில் பாவித்த கணினி வாங்கி வந்தால் முதல் வேலையாக நீட்சிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு நீட்சி தேடலைக் கைப்பற்றியிருந்தால் செட்டிங்ஸில் அந்தப் பெயரோடு, அதை நிறுத்தும் பொத்தானும் காட்டப்படும். நீட்சியை அகற்றாமல் தேடுபொறியை மட்டும் மாற்ற முயல்வது வீண்.

இனி, இம்மடல் எழுதக் காரணமான விடயம். மேலே சொன்னவை எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். இது பிள்ளைகளைத் தொடும்.

பாதுகாப்புத் தேடல், அதாவது பிள்ளைகளுக்குத் தகாத முடிவுகளை வடிகட்டும் வசதி, உலாவியின் குணம் அல்ல, ஒவ்வொரு தேடுபொறியும் தனித்தனியாக வைத்திருக்கும் தெரிவு. கூகுளில் வடிகட்டலை இறுக்கி வைத்திருந்தாலும், இயல்புநிலையை டக்டக்கோவுக்கோ பிங்குக்கோ மாற்றிய கணமே அந்தப் பாதுகாப்பு பின்னால் வராது. அவ்விரண்டிலும் தொடக்கத்தில் இருப்பது 'மொடரேட்' என்ற நடுத்தர நிலை. 'ஸ்ட்ரிக்ட்' என்ற இறுக்கமான நிலையை நாமே போட வேண்டும். போட்டாலும், கணக்குக்குள் நுழையாத கணினியில் அந்தத் தெரிவு உலாவி சேமிக்கும் குக்கி என்ற சிறு பதிவில்தான் இருக்கும். உலாவியை மூடும்போது குக்கிகளை அழிக்கும்படி அமைத்திருந்தால் அடுத்த வகுப்புக்குள் அது போய்விடும். தனிப்பட்ட சாளரத்திலோ முதலிலிருந்தே இருக்காது.

ஆகவே செட்டிங்ஸை நம்பாமல் அதற்குக் கீழே பூட்டுங்கள். ஒரு தனிக் கணினிக்கு, நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறந்து, எந்தத் தளப் பெயர் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், கூகுளின் பாதுகாப்புத் தேடலுக்குரிய 216.239.38.120 என்ற எண்ணுக்கு எதிரே கூகுளின் டொட் கொம் முகவரியை டபிள்யூக்களோடு முழுமையாக எழுதுங்கள். டொட் எல்கே முகவரிக்குத் தனி வரி வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சேமிக்கும்போது நோட்பேட் கோப்பின் பெயருக்குப் பின்னால் டொட் டிஎக்ஸ்டி சேர்த்துவிட்டால் எதுவும் நடக்காது. பெயரைச் சரிபார்த்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கூடம் முழுவதற்கும் சொந்த டிஎன்எஸ் (தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் சேவை) இருந்தால் இன்னும் நல்லது. அங்கே கூகுளை ஃபோர்ஸ்சேஃப்சேர்ச் டொட் கூகுள் டொட் கொம் என்ற பெயருக்கும், பிங்கை ஸ்ட்ரிக்ட் டொட் பிங் டொட் கொம் என்ற பெயருக்கும், டக்டக்கோவை சேஃப் டொட் டக்டக்கோ டொட் கொம் என்ற பெயருக்கும் திருப்பிவிடலாம். இவை அந்தந்த நிறுவனங்களே தரும் பெயர்கள். ஆனால் உலாவிக்குள் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற தெரிவில் யாராவது வேறொரு சேவையைக் கொடுத்திருந்தால், உங்கள் டிஎன்எஸ்ஸைச் சுற்றிக்கொண்டு அது வெளியே போய்விடும். அதையும் அணைக்க வேண்டும்.

குரோமின் கொள்கை அமைப்பு வழியாக இயல்புநிலைத் தேடுபொறியையே பூட்டிவிடலாம் என்று சிலர் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிப் பார்க்கிறார்கள். டொமைனில் (கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில்) சேராத, குரோமின் நிறுவன மேலாண்மையிலும் பதியாத விண்டோஸ் கணினியில் குரோம் அதைப் பொருட்படுத்தாது. கள்ள மென்பொருள்கள் இதே வழியால் தேடலைத் திருடியதால் வந்த கட்டுப்பாடு அது. பயர்பொக்ஸில் வழி இருக்கிறது: நீண்டகால ஆதரவுள்ள ஈஎஸ்ஆர் பதிப்பை நிறுவி, நிறுவிய கோப்புறைக்குள் 'டிஸ்ட்ரிபியூஷன்' என்றொரு கோப்புறை உண்டாக்கி, அதில் 'பாலிசீஸ்' ஜேசன் கோப்பை வைத்தால் தேடுபொறியைப் பூட்டலாம். டொமைன் இல்லாத சிறிய கூடங்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாளிலிருந்து சொற்களைப் பிரதி எடுத்துத் தேடச் சொல்லாதீர்கள். திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எந்தப் பொறியாலும் அதிலிருந்து தமிழைக் கண்டுபிடிக்க இயலாது. பழி மட்டும் புதிதாக மாற்றிய பொறியின்மேல் விழும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இரண்டு. வகுப்பில் 'கூகுளைத் திறவுங்கள்' என்று சொல்வதை விட்டு, 'உலாவியைத் திறவுங்கள்' என்று சொல்லுங்கள். உலாவி வேறு, தேடுபொறி வேறு என்பது பிள்ளைகளுக்கு அங்கேதான் பதியும். அடுத்து, தேடுபொறியை மாற்றிய அன்று வகுப்பைத் தொடங்கும் முன்னர், மாணவர் கணக்கில் நுழைந்து முகவரிப் பட்டை, புதிய தாவல், தனிப்பட்ட சாளரம், வலது சொடுக்குத் தேடல் ஆகிய நான்கிலும் ஒரே சொல்லைத் தட்டிப் பாருங்கள். மறுதொடக்கம் செய்துவிட்டு இன்னொரு தடவை. ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
பாடசாலைக் கணினிகளைப் பராமரிப்போர் சிலர்
வெள்ளவத்தை, கொழும்பு 6