ஸ்பிரே அடிக்கும் நண்பர்கள் கவனத்திற்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பாலிஷ், பெயிண்ட் வேலை பார்க்கும் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றைக் கலக்காமல் பெயிண்டையே அழுத்திப் பீய்ச்சும் ஏர்லெஸ் இயந்திரம் இப்போது பலரிடமும் வந்துவிட்டது. அதன் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ வரை போகும். முனை அடைத்துக்கொண்டால் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரலாம். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். முனையைக் கழற்றும் முன் மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை முழுவதும் இறக்கி, ஸ்பிரே துப்பாக்கியின் விசைப் பூட்டைப் போட வேண்டும்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. வளவு (வீட்டு நடுமுற்றம்) திறந்துதானே கிடக்கிறது என்று நம்பாதீர்கள், பக்கத்து அறைகளில் அது தரையோடு தேங்கும், சிறு நெருப்பிலும் பற்றிக்கொள்ளும். சாமி அறை விளக்கைக் குளிர வைக்கும்படி ஆச்சியிடம் கேட்பது சங்கடம்தான். ஆனாலும் கேளுங்கள். பீடியும் தெருவோடு நிற்கட்டும்.

மூக்கில் துண்டு கட்டுவது வெறும் மனத்திருப்தி. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிப்பவர்களுக்கு அதிலுள்ள ஐசோசயனேட்டால் ஆஸ்துமா வரலாம்; வெளிக்காற்று தரும் முகமூடியே நல்லது.

முகமூடி வேண்டுவோர் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பெயர் போடுங்கள், சேர்த்து வாங்கலாம்.