பனிச்சறுக்கு உடையில் வந்த ஹாம்லெட்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. சர்க்கரை குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். தங்கச்சி வாயால் கேட்டால் இன்னும் நம்புவேன். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கொஞ்ச நாள் புத்தகம் தொடக்கூடாது என்றார்கள். படம் பார்க்கலாமா என்று நான் கேட்கவே இல்லை.

அதனால்தான் அந்தப் பழைய ரஷ்ய ஹாம்லெட்டை மறுபடி போட்டேன். 1964-இல் கொஸின்ட்சேவ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாஸ்தர்நாக்கின் மொழிபெயர்ப்பு, ஷஸ்தகோவிச்சின் இசை. கல்லூரி நாளில் பார்த்துவிட்டு, "ஏன்டா இவன் வாய்க்குள்ளேயே பேசுறான்?" என்று நீ கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நடிகன் இன்னொகென்தி ஸ்மொக்துனோவ்ஸ்கி. உன் கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்துப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மனுஷன் 1925-இல் சைபீரியாவில் தோம்ஸ்க் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவன். பஞ்ச காலத்தில் கிராஸ்நயார்ஸ்கில் அத்தை வீட்டில் வளர்ந்தான். அப்பா போரில் போய்ச் சேர்ந்தார். 1943-இல் இவனும் போனான். கூர்ஸ்க் சண்டை, நீப்பர் நதியைக் கடந்தது எல்லாம் பார்த்துவிட்டு, கீவுக்குப் பக்கத்தில் ஜெர்மானியரிடம் பிடிபட்டான். ஒரு மாதம் போலக் கைதி. எப்படியோ நழுவி ஓடியவனை ஓர் உக்ரேனியக் கிராமத்துக் குடும்பம் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றியது. மாட்டியிருந்தால் அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். பிறகு கொரில்லாப் படை, மறுபடி ராணுவம், ஜெர்மனி வரை.

கொடுமை அதற்குப் பிறகுதான். ஸ்டாலின் காலத்தில் எதிரியிடம் கைதியாக இருந்தவனைத் துரோகியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். பெரிய நகரங்களில் குடியிருக்கத் தடை. இவன் என்ன செய்தான் தெரியுமா? துருவ வட்டத்துக்கு அப்பால் இருக்கும் நோரில்ஸ்குக்குத் தானாகவே போய் அங்கிருந்த நாடகக் குழுவில் சேர்ந்துகொண்டான். கைதிகளை வைத்துக் கட்டிய சுரங்க ஊர் அது. அங்கேயே இருப்பவனை இனி எங்கே கொண்டுபோய்த் தள்ளுவார்கள் என்ற கணக்கு! ஸ்மொக்துனோவிச் என்ற குடும்பப் பெயர் ஸ்மொக்துனோவ்ஸ்கி ஆனதும் அங்கேதான்.

1955-இல் மாஸ்கோவுக்கு வந்தபோது முப்பது வயது. தியேட்டர் தியேட்டராக ஏறி இறங்கினான், எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாற்றுடுப்பு இல்லாததால் கோடையிலும் பனிச்சறுக்குக்குப் போடும் கனத்த உடுப்பிலேயே அலைந்தானாம். வாசல் காவலாளிக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

பிறகு ஒரு போர்ப் படத்தில் வேஷம் கிடைத்தது. அதில் இவன் கண்ணைப் பார்த்து நினைவில் வைத்திருந்தவர் லெனின்கிராட் இயக்குநர் தோவ்ஸ்தனோகவ். நாம் தமிழில் 'அசடன்' என்று படித்தோமே தஸ்தயேவ்ஸ்கி நாவல், அதன் நாடக வடிவத்தில் நாயகன் மிஷ்கின் வேஷத்துக்குக் கூப்பிட்டார். ஒத்திகையில் ஒன்றும் ஓடவில்லை. அப்போது ஸ்டூடியோவில், துணை நடிகர்களின் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆள் நின்றபடியே புத்தகம் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தானாம். சுற்றி நடக்கிற எதுவும் அந்த ஆளைத் தொடவில்லை. பல வருஷம் முகாமில் கிடந்து வந்தவர் என்று பிறகு தெரிந்தது. அந்த நிற்கிற விதத்திலிருந்துதான் மிஷ்கினைப் பிடித்தான். 1957 டிசம்பர் 31 அன்று முதல் காட்சி. குழுவை விட்டு விலகிய பிறகும், 1966-இல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் நாடகம் போனபோது அந்த வேஷத்துக்கு இவனையே திரும்பக் கூப்பிட்டார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். சத்தம் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கற்றுக்கொண்ட உடம்பு அது என்று எனக்குத் தோன்றுகிறது. ஹாம்லெட்டில் வரும் புல்லாங்குழல் காட்சியை மறுபடி பார். இந்தக் குழலையே வாசிக்கத் தெரியாத நீங்கள் என்னை வாசித்துவிடலாம் என்று பார்க்கிறீர்களா என்று கேட்கிற இடம். வேறு யாராவது என்றால் கர்ஜித்திருப்பார்கள். இவன் குரல் உயரவே இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் கூசிப்போகிறார்கள்.

இவன் நடித்த சைகோவ்ஸ்கி, மாமா வான்யா படங்களையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். சைகோவ்ஸ்கி எனக்குக் கொஞ்சம் இழுவை, நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். ஆனால் 1966-இல் வந்த ரியாஸானவின் நகைச்சுவைப் படத்தை விடாதே. லஞ்சப் பேர்வழிகளின் வோல்கா கார்களைத் திருடி விற்று, அநாதை இல்லங்களுக்குப் பணம் அனுப்பும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேஷம். நாடகப் பைத்தியம் வேறு. அமெச்சூர் மேடையில் ஹாம்லெட்டாக வருகிறான்! இரண்டு வருஷத்துக்கு முன் ஊரே கொண்டாடிய தன் வேஷத்தைத் தானே கிண்டல் செய்கிறான். கடைசியில் சிறையிலிருந்து வந்து, காதலி ஓட்டும் டிராலி பஸ்ஸுக்கு முன்னால் நின்று "லூபா, நான் வந்துட்டேன்" என்று மட்டும் சொல்வான். தலைமயிர் ஒட்ட வெட்டியிருக்கும். முன்பு பார்த்தபோது எல்லாரும் சிரித்தோம். இந்த முறை என்னால் முடியவில்லை.

போரில் கிடைக்க வேண்டிய வீரப் பதக்கம் ஒன்று, 49 வருஷம் கழித்து மாஸ்கோ கலை அரங்க மேடையில் வைத்துத்தான் கைக்கு வந்ததாம். 1994 ஆகஸ்டில் இறந்துவிட்டான்.

தை பிறந்ததும் நீயும் தங்கச்சியும் இங்கே வந்து நாலு நாள் தங்குங்கள். அதற்குள் இடது கண்ணையும் முடித்துவிடுவேன். கார் திருடன் படத்தைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கணேசன்