அச்சுத் துணியைப் பாத்திக் என்று எழுத வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பண்டிகைச் சிறப்பிணைப்பில் பர்கூர் ஜவுளிச் சந்தையைப் பற்றி வெளியான கட்டுரையை, அதே சந்தையில் 32 ஆண்டுகள் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு படித்தேன். மெழுகிட்டுச் சாயம் முக்கிச் செய்யும் துணிக்குரிய பெயரில், பாத்திக் நைட்டிகள் மலிவு விலையில் வந்து குவிந்திருப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. எழுதிய நிருபரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆலையில் அச்சடித்த அந்த ரகத்தை நானும் அந்தப் பெயரில்தான் விற்றேன். துணியைப் புரட்டிப் பார்த்து, "இது நிஜ பாத்திக்தானா?" என்று கேட்ட ஓரிருவரிடமும் தயங்காமல் ஆமாம் என்றேன். நான் சொன்னது பொய் என்பது சென்ற ஆண்டு ஜாவாத் தீவுக்குப் போன பிறகுதான் விளங்கியது.

ஜகார்த்தாவில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, நானும் மனைவியும் யோக்யகர்த்தா நகரில் ஒரு சிறிய பாத்திக் பட்டறையில் ஒரு பகல் முழுவதும் இருந்தோம். மூங்கில் சட்டத்தில் வெள்ளைப் பருத்தித் துணி தொங்க, மெழுகு உருகும் சிறு வாணலியைச் சுற்றிப் பெண்கள் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் கையில் இருப்பது 'சாந்திங்' என்னும் கருவி: ஒரு மூங்கில் பிடி, அதன் நுனியில் கட்டைவிரல் நுனியளவு செம்புக் கிண்ணம், அதிலிருந்து வளைந்து இறங்கும் மெல்லிய மூக்கு. மெழுகை மொண்டதும் மூக்கில் ஒரு முறை ஊதி அடைப்பை நீக்கிவிட்டு, இடது உள்ளங்கையைத் துணிக்கு அடியில் ஏந்திக்கொண்டு கோடு இழுக்கிறார்கள். சூடு கூடினால் மெழுகு பரவிவிடும். ஆறிப்போனால் நூலுக்குள் இறங்காது. என்னிடமும் ஒரு கந்தல் துண்டைக் கொடுத்து முயலச் சொன்னார்கள். நான் இழுத்தது கோடாக வரவில்லை, மண்புழுவாக நெளிந்தது. சிக்குக்கோலம் போட்டுப் பழகிய என் மனைவியின் கை மட்டும் கொஞ்சம் மரியாதையைக் காப்பாற்றியது.

ஒரு பக்கம் முடிந்ததும் துணியைத் திருப்பி, அதே கோடுகளின் மேல் பின்பக்கமும் மெழுகிடுகிறார்கள். பிறகு, மெழுகு உருகிவிடாதபடி ஆறிய சாயத்தில் முக்குகிறார்கள். நிறத்துக்கு நிறம் மெழுகிடுவதும் முக்குவதும் தொடர்கின்றன. கடைசியில் கொதிநீரில் போட, மெழுகு கழன்று மேலே மிதக்கிறது. அதை வழித்தெடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். நுணுக்கமான ஒரு துணி முடிய மாதக்கணக்கில் ஆகும். செம்பு அச்சை மெழுகில் தோய்த்துக் குத்துவதும் உண்டு. நாம் சாப்பா என்பதை அவர்கள் 'சாப்' என்கிறார்கள். கையால் வரைந்தாலும் சாப்பா குத்தினாலும், மெழுகு தடுத்த இடத்தில் சாயம் ஏறாமல் விளைவதுதான் பாத்திக்.

நான் விற்ற நைட்டிகளில் நரம்பு போல் ஓடும் வெடிப்புக் கோடுகளைக் காட்டித்தான் பாத்திக் என்று நம்ப வைப்போம். அந்தப் பட்டறையிலோ, மெழுகு வெடித்துச் சாயம் உள்ளே கசிந்தால் அதைக் கைத்தவறாகவே எண்ணுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் டச்சு ஆலைகள் போலி பாத்திக் செய்து கொண்டுவந்தபோது, இத்தகைய வெடிப்புக் கோடுகளை ஜாவா மக்கள் விரும்பவில்லை. அத்துணிகளுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில்தான் சந்தை அமைந்தது. அந்தத் தவறைத்தான் இன்றைய ஆலைகள் கணினியில் வரைந்து அச்சடிக்கின்றன. நம் நாட்டிலும், மத்தியப் பிரதேசத்தில் உஜ்ஜயின் அருகே பைரவ்கரிலும் குஜராத்தில் கட்ச் பகுதி முந்த்ராவிலும் மெழுகிட்டே பாத்திக் செய்கிறார்கள். அங்கே வெடிப்பு அழகாகவே கொள்ளப்படுகிறது, அது வேறு மரபு. அவர்கள் துணியும் நம் அச்சுத் துணியும் ஒரே பெயரில் ஒரே கொக்கியில் தொங்கும்போது, வாங்குகிறவர் விலை குறைந்ததையே எடுப்பார்.

யுனெஸ்கோ 2009 அக்டோபர் 2இல் இந்தோனேசிய பாத்திக்கை மானுடத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2007இல், அந்நாட்டு அரசு பாத்திக்குக்கென ஒரு முத்திரைச் சீட்டைக் கொண்டுவந்துவிட்டது: கையால் வரைந்ததற்குப் பொன்னிற எழுத்து, சாப்பா குத்தியதற்கு வெள்ளிநிற எழுத்து, இரண்டும் கலந்ததற்கு வெள்ளை எழுத்து. பட்டுக்கூடு ஏலம் பார்த்து வளர்ந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இது புதிதல்ல. 2004 முதல் பட்டுக்குச் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. பாத்திக் என்று சொல்லி விற்கும் துணிக்கு மட்டும் நம் கடைகளில் கேள்வி கேட்பாரில்லை.

துணியைத் திருப்பிப் பாருங்கள் என்று இப்போது தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். உள்பக்கம் வெளிறியிருந்தால் பெரும்பாலும் அது அச்சுதான். அச்சுத் துணி விற்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை விற்றுத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். வியாபாரிகள் பில்லில் 'பாத்திக் அச்சு' என்று போட வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த சிறப்பிணைப்பில் அப்படியே எழுத வேண்டுகிறேன். 200 ரூபாய்க்கு நைட்டி தேடி வருகிறவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக் கடையை விட்டு இறங்கிவிடப் போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜவுளி வியாபாரி,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.