இரண்டு முறை அழுத்தினால் பிடிக்கிறது என்றாயே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. உன் மகள் வேலையில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கைக்குழந்தையாகத் தூக்கி வைத்திருந்த பிள்ளை! இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் வலியும் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும்தான் தொந்தரவு.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். வண்டியில் முன் பிரேக் இரண்டு முறை அழுத்தினால்தான் பிடிக்கிறது, பழகிவிட்டது என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. போன மாதம் என் வண்டியிலும் இதே கதைதான்.

ஒரு காலையில் வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து லீவரைப் பிடித்தேன். கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. நான்கைந்து முறை வேகமாக அழுத்தியதும் இறுகியது. ஒரு நிமிஷம் விட்டுப் பிடித்தால் மறுபடி தொளதொள. சரி, காற்று புகுந்திருக்கிறது என்று நினைத்து ஏர் எடுக்க உட்கார்ந்தேன். சக்கரத்தருகே பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற கேலிப்பரின் நிப்பிளில், அதாவது ஆயிலை வெளியேவிடும் திருகில், டியூபை மாட்டி, மறுமுனையை பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைத்தேன். லீவரை அழுத்திப் பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும், மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். மாலை முழுக்க இதே வேலை. முதலில் பழுப்பாக வந்த ஆயில் தெளிந்தது, குமிழிகளும் நின்றன, லீவர் கல் மாதிரி ஆனது. மறுநாள் காலையில் பழையபடி கைப்பிடிக்கு வந்துவிட்டது.

கேலிப்பர், ஆயில் போகும் ஹோஸ், ஹோஸ் முனை வாஷர்கள் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துளி ஈரம் இல்லை. மேலே ஹேண்டில்பாரில் இருக்கும் ஆயில் கிண்ணத்தில் மட்டமும் குறையவில்லை. அப்படியானால் அழுத்தம் எங்கே போகிறது?

அப்போதுதான் லீவரை அழுத்தி, அழுத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். பத்து எண்ணுவதற்குள் விரலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்கியது. கோளாறு கீழே இல்லை, மேலே லீவரை ஒட்டி, ஆயிலைக் கீழே தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள். ஆயிலைத் தள்ள வேண்டிய ரப்பர் வளையம் அதைத் தன் ஓரமாகக் கிண்ணத்துக்கே திருப்பி விட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கழற்றினேன். பிஸ்டனில் இருந்த அந்த ரப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அதன் மெல்லிய உதட்டில் நகக்கீறல் அகலத்துக்கு ஒரு வெட்டு. அவ்வளவுதான்! சிலிண்டரின் உட்சுவர் வழுவழுப்பாக இருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கே கீறலோ துரு அரிப்போ இருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் போய்விடும், சிலிண்டரையே மாற்றிவிடுவதுதான் சரி. கிண்ணத்தின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு, அதிலும் கூழ் போல அழுக்கு. அது அடைத்தால் ஆயில் திரும்ப வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நின்று டிஸ்க் சூடாகும். மெல்லிய செம்புக் கம்பியால் நீக்கினேன். புது ரப்பர் கிட்டைப் புது பிரேக் ஆயிலில் நனைத்தே மாட்டினேன். கிரீஸோ என்ஜின் ஆயிலோ தொட்டால் அந்த ரப்பர் ஊதிப்போகும்.

மாட்டிய பிறகும் லீவர் முழுசாக இறுகவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் இடம் மேடு, காற்று அங்கேதான் தங்கும். சிலிண்டர் மேலே வரும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி, லீவரைச் சின்னச் சின்னதாகத் தட்டினேன். கிண்ணத்துக்குள் கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அந்தக் கடைசிக் குமிழி வந்ததும் பட்ட சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அது 155க்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே ஆவி உண்டானால் அந்த ஆவிதான் அமுங்கும், பேட் அசையாது. அதனால் 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடு. பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்று, உரித்துவிடும்.

உன் வண்டிக்கு வருகிறேன். இரண்டாவது அழுத்தலில் பிடிக்கிறது என்றால் காற்றாகவும் இருக்கலாம், டிஸ்க் வளைந்து பேடுகளைப் பின்னால் தள்ளுவதாகவும் இருக்கலாம், என்னுடையது போல ரப்பராகவும் இருக்கலாம். ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பும் முன் பேடுகளைப் பார். அவை தேயத் தேய மட்டம் தானாகவே இறங்கும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. நீ இரண்டாவது முறை அழுத்த அரை நொடி எடுத்தால் 8 மீட்டர். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. பின் பிரேக்கை நம்பிச் சமாளிக்காதே.

கடிதம் கிடைத்ததும் லீவரைப் பிடித்து எண்ணிப் பார். இறங்குகிறதா, எத்தனையில் இறங்கத் தொடங்குகிறது, எல்லாம் எழுது. அதுவரை வண்டியை எடுக்காதே, மகளிடமும் கொடுக்காதே.

உன்
பழைய நண்பன்