ஜல்லி கொட்டிய நடைபாதையும் வெறுங்கால் பக்தர்களும்

பழனி பாதயாத்திரைத் தடத்தைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பாதயாத்திரை நடைபாதையைக் குழாய் பதிக்கத் தோண்டிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அனுமதி கொடுத்தவர்களே நீங்கள். குழாய் போட்டாயிற்று. பள்ளத்தை மூடிய லட்சணத்தைப் பற்றித்தான் இந்த மடல். பெயர்த்த பேவர் கற்களை ஓரத்தில் குவித்துவிட்டு, மண்ணைத் தள்ளி, மேலே 20 மி.மீ. ஜல்லியைக் கொட்டி, பொக்லைன் பக்கெட்டால் நாலு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். தைப்பூசக் கூட்டம் வருமுன் அதை மறுபடி திறந்து, ஒழுங்காக மூடி, கல் பதித்துத் தாருங்கள்.

பூட்ஸ் போட்டு ஆய்வுக்கு வந்தால் ஜல்லி உறுத்தாது. மாலை போட்டவர்கள் வெறுங்காலில் ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர் நடக்கிறார்கள். இரண்டாம் நாளே பாதம் வீங்கி, தோல் இளகிவிடும். ஜல்லி முனை உடனே கிழிக்காது. பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் ரத்தம் கட்டி, அதன்மேல் கொப்புளம் போடும். உடைந்தால் மண் ஏறும். அப்புறம் பாதத்தின் வெளி விளிம்பை ஊன்றியே நடப்பார். மறுநாள் முழங்கால் பிடித்துக்கொள்ளும். சூடு தணியட்டும் என்று மதியத்தில் லாரித் தண்ணீர் தெளிக்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் நனைந்து ஊறிய பாதத்தில் கொப்புளம் இன்னும் சீக்கிரம் வரும். தண்ணீர் தெளித்த தடத்தின் அடுத்த அடியில் ஜல்லி இருக்கக் கூடாது.

இதனால் யாரும் ஜல்லிமேல் நடப்பதில்லை, தார்ச் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். அதுவும் எப்போது? வெயிலுக்குப் பயந்து விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பும் குழுக்கள்தான் அதிகம். அதே இருட்டில், அதே சாலையில்தான் ஒட்டன்சத்திரம் சந்தையின் காய்கறி லாரிகள் கேரளாவுக்குப் போகின்றன. வண்டி ஓட்டுபவர் கண்ணில் படுவதற்கான ஒளிரும் ஸ்டிக்கரைப் பக்தர்களின் பையின் பின்பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் நடப்பவருக்கு அது மார்பில் அல்லவா இருக்க வேண்டும்? முன்னும் பின்னும் இரண்டு ஒட்டச் சொல்லுங்கள், செலவு ஒன்றுமில்லை. காவடி எடுப்பவர் சாலையில் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். தோளுக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருப்பதால் சட்டென்று ஒதுங்க அவரால் முடியாது.

மூடும் முறை உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. பள்ளத்தை ஒரேயடியாக நிரப்பாமல் அரை அடி அரை அடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடிக்க வேண்டும். அதன்மேல் ஜல்லிப்பொடிக் கலவை, ஓரிரு அங்குல மணல், கல், இடுக்கில் நைஸ் மணல். இவ்வளவும் செய்து ஓரக்கல் வைக்காவிட்டால் முதல் மழையில் மணல் பக்கவாட்டில் ஓடிவிடும், கல் ஆட ஆரம்பிக்கும். பழைய பகுதிகளில் கால் இடறுவதெல்லாம் ஓரக்கல் இல்லாத இடங்களில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் அவசரமாக மூடினால் மலையடிவார ஓடைத் தண்ணீர் வந்து, மூடிய இடம் உள்வாங்கும். தை பிறந்தபின் தொடங்கினால் கூட்டம் வந்துவிடும். மார்கழியின் முதல் பாதிதான் சரியான நேரம்.

2021 முதல் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை இருக்கிறது. அலுவலகத்துக்கு லீவு கிடைத்துவிட்டது, நடப்பதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை! வரவேற்பு வளைவு நட வருஷாவருஷம் குழி தோண்டுகிறோம், அந்தக் குழியையாவது மூடுகிறோமா? சத்திரப்பட்டிக்கும் ஆயக்குடிக்கும் இடையில் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கேட்டால், 'அன்னதானப் பந்தலில் கேளுங்கள்' என்கிறார்கள். கடை போட்டவர் நடைபாதையிலேயே வண்டியை நிறுத்துகிறார். ஆட்கள் நடக்கப் போட்ட கல் வண்டிச் சக்கரத்துக்குத் தாங்குமா? சரி, அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்கிறோம்.

இப்போது கேட்பது ஒன்றுதான். தோண்டிய இடத்தில் ஜல்லியை அள்ளி, அடுக்கடுக்காக இடித்து, ஓரக்கல் வைத்து, கல் பதியுங்கள். வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுமுன் பொறியாளர் ஒருவர் செருப்பைக் கழற்றி நூறு அடி நடந்து பார்க்கட்டும். பணி தொடங்கும் தேதியைக் கார்த்திகை முடிவதற்குள் எழுத்தில் தெரிவித்தால், பின்னால் வரும் குழுக்களுக்கும் நாங்கள் சொல்லிவிடுவோம். தயவுசெய்து கவனியுங்கள்.

இப்படிக்கு,
பாதயாத்திரைக் குழு நண்பர்கள்